நண்டு வளை

கோம்பைக்குக் கடல் இல்லை. கிழக்கே வெகுதூரம் போனால், பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு பரிசு கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்க அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. அவளுக்குக் கடல் என்பது உத்தமபாளையத்து வயல் சேறு.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணியில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. எங்க தெருப் பொம்பளைக நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாக. கரையேறும்போது மடியில் நத்தை, தூக்குச்சட்டியில் நண்டு, முந்தியில் பொன்னாங்கண்ணிக் கீரை. கூலி நெல்லைக் கடனுக்குப் பிடித்துக்கொண்ட நாளிலும் அடுப்பெரிந்தது இதனால்தான்.

"சும்மா கெடைக்குது, திங்கிறாளுக" என்பார்கள். சும்மாவா? வரப்பில் நண்டு வளை போட்டால் ராத்திரியோட ராத்திரியா வயல் தண்ணி வடிந்துவிடும். வளைக்குள் கைவிட்டு, கொடுக்கில் கடிவாங்கி, நண்டை எடுத்து, சேற்றை அப்பி ஓட்டையை அடைத்தது எங்க பொம்பளைக. அதற்குத் தனிக்கூலி கிடையாது. எங்களைத் தொட்டால் தீட்டு என்றவர்களே, பிள்ளைக்குச் சளி பிடித்தால் ஆளனுப்பி நண்டு கேட்டாக.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கூடத்துச் சுவரில் இதையெல்லாம் எழுதவைத்தோம். செம்மண்ணும் சுண்ணாம்பும் அடுப்புக்கரியும்தான் சாயம். கிழவிகள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் நண்டையும் நத்தையையும் வளைக்குள் போன கையையும் வரைந்தார்கள். எந்த வாய்க்கால், எந்த மடை, எங்கே என்ன கிடைத்தது என்று பேரும் எழுதினார்கள்.

எங்க தெருப் பெரியவர் ஒருவர் கொதித்தார்: "நத்தை தின்னதச் சுவத்துல எழுதி வச்சா, நாளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" அவர் பயம் பொய்யில்லை. தின்ற சோற்றைச் சொல்லித்தானே நம்மை ஏசினார்கள். அதற்கு ஒரு கிழவி, "அந்தக் கையி ஏன் சின்னதா இருக்கு? பெருசா எழுது" என்றாள். பிள்ளைகள் அழித்துப் பெரிதாக எழுதினார்கள்.

பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறந்தது. 2013இல் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் வந்தது. வரவேண்டியதுதான். அணைத் தண்ணியை வயலில் நிறுத்திவைத்த கைகளுக்கு, நான் பார்த்த ஏடு எதிலும் பேர் இல்லை. மருந்தடித்து மருந்தடித்து நண்டு குறைந்துபோச்சு. வளைக்குள் கைவிட்ட கிழவிகளும் குறைகிறார்கள். அதற்குள் அவரவர் ஊரில் கேட்டு எழுதிவைக்க வேண்டும். சுவர் இல்லாதவர்கள் நோட்டில் எழுதலாம்.