வெட்டப்பட்ட ஸ்பிரிங்



இம்மாதம் ஒரு காரைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். குடும்பப் பத்திரிகையில் ஒரு போதகர் காரைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். என் ஊழியப் பாதையில் நான் செய்த பெரிய தவறு ஒன்றை எனக்கு உணர்த்தியவை அந்தக் காரின் சக்கரங்களுக்கு மேலிருந்த நான்கு கம்பிச் சுருள்கள். ஆகவே அதை மறைக்காமல் எழுதுவது என் கடமை.

டெல்லியில் வாழும் நம்மவர்கள் சாணக்யபுரியை அறிவார்கள். 1950களில் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென்று திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதி அது. தமிழ்நாடு இல்லம் இருப்பதும் அங்கேதான். அங்குள்ள சாலைகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சாந்தி பத், சத்ய மார்க், நியாய மார்க், வினய் மார்க். சமாதானம், சத்தியம், நியாயம், பணிவு! ஒரு பிரசங்கத்துக்குரிய தலைப்புகள் அனைத்தும் அங்கே பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. ஆனால் அதிகாலையில் அகன்று வெறிச்சோடிக் கிடக்கும் சாந்தி பத், வேகத்தை விரும்பும் வாலிபர்களுக்குச் சமாதானத்தை அல்ல, சோதனையையே கொண்டுவருகிறது.

அப்பகுதியில் ஒரு தூதரகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஓட்டுநராகப் பணியாற்றியவர் எங்கள் சபையின் மூத்த விசுவாசி ஒருவர். குமரி மாவட்டத்திலிருந்து வந்தவர். தூதரக இல்லத்தின் பின்புறமிருந்த ஊழியர் குடியிருப்பில் மாதம் ஒருமுறை வீட்டுக் கூட்டம் நடத்துவோம். "பின்னால் அமர்ந்திருப்பவர் கையிலுள்ள தேநீர் சிந்தக் கூடாது, பாஸ்டர். அதுதான் வண்டி ஓட்டுவது" என்று அவர் அடிக்கடி சொல்லுவார்.

அவருடைய ஒரே மகன் குர்கானில் கணினித் துறையில் வேலைக்குச் சேர்ந்தான். 2011ஆம் ஆண்டில், பழைய மிட்சுபிஷி லான்சர் சேடியா ஒன்றை வாங்கினான். 2007ஆம் ஆண்டின் வண்டி. ஜப்பானியத் தயாரிப்பு என்றாலும், சென்னைக்கு அருகே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவானது. "நம்மூர் வண்டி, பாஸ்டர்" என்று பெருமையோடு என்னிடம் காட்டினான். 1996 முதல் 1999 வரை பின்லாந்து நாட்டு வீரர் டாமி மாக்கினென் தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்றது இந்த லான்சர் குடும்பத்து வண்டியில்தான் என்பதையும் அவனே எனக்குச் சொன்னான். நான் பாதிதான் கேட்டேன்.

பிறகு அவன் அந்த வண்டியை மாற்றத் தொடங்கினான். காற்று வடிகட்டியை மாற்றினான், சைலன்சரை மாற்றினான். சத்தம் கூடிய அளவுக்குச் சக்தி கூடவில்லை என்று பின்னாளில் அவனே ஒப்புக்கொண்டான். (சபைகளிலும் இதை நாம் காண்பதுண்டு.) அதன்பின் வண்டி தாழ்வாக இருந்தால் பந்தயக் கார் போலத் தோன்றும் என்று ஒரு பட்டறையில் நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றிரண்டு சுற்றுகளை வெட்டி எடுத்துவிட்டான்.

பிரசங்க பீடத்தில் நான் செய்தது

2011 அக்டோபர் 30ஆம் தேதி கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதலாவது ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டினார். அது ஞாயிற்றுக்கிழமை. நம் வாலிபன் ஆராதனைக்கு வராமல் பந்தயத்துக்குச் சென்றான்.

அடுத்த ஞாயிறு நான் யெகூவைப் பற்றிப் பிரசங்கித்தேன். இரண்டாம் இராஜாக்கள் ஒன்பதாம் அதிகாரத்தில், தொலைவில் வரும் இரதத்தின் மூர்க்கமான ஓட்டத்தைக் கண்டே அது யெகூவாக இருக்கலாம் என்று காவலாளன் அறிகிறான் அல்லவா? "நம் சபையிலும் ஒரு யெகூ இருக்கிறான். அவன் வருவதைக் கண்ணால் காணத் தேவையில்லை, காதால் கேட்டாலே போதும்" என்றேன். சபையார் சிரித்தார்கள், திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலைகுனிந்தான். அவனருகே அமர்ந்திருந்த தகப்பனாரும் தலைகுனிந்தார். வேதாகமக் கல்லூரியில் பிரசங்கக்கலை பயின்ற எனக்கு, உவமை நன்றாகப் பொருந்திவிட்டது என்ற திருப்தி. அந்த வாலிபன் அதற்குப் பிறகு ஆராதனைக்கு வரவில்லை.

"கண்டிப்பைத் தாங்காதவன்" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. ஒன்பது மாதங்கள் கடந்தன. நான் ஒருமுறைகூட அவனைத் தேடிச் செல்லவில்லை.

2012 ஆகஸ்டு மாதத்தில் ஒரு மழைக்காலை. தகப்பனாருக்கு அதிகாலைப் பணி இருந்ததால் மகன் அவரைத் தன் வண்டியில் அழைத்துச் சென்றிருக்கிறான். சாந்தி பத்தின் ரவுண்டானா ஒன்றில் திரும்பும்போது ஈரச்சாலையில் ஒரு சிறு பள்ளம். வண்டி துள்ளிற்று, பின்பக்கம் வழுக்கிற்று, நடைபாதை விளிம்பில் மோதி நின்றது. தேவனுடைய கிருபையால் வேறொருவரும் அங்கில்லை. ஆனால் தகப்பனாரின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓட்டுநருக்குக் கைதானே பிழைப்பு?

மருத்துவமனைக்கு ஓடினேன். பிரசங்கிக்க என்னிடம் வார்த்தை இல்லை. அந்த வாலிபன் சுவரைப் பார்த்தபடி, "வேகமாகக்கூட ஓட்டவில்லை, பாஸ்டர். நாற்பதுதான் இருக்கும். ஏன் வழுக்கியது என்றே தெரியவில்லை" என்றான். தகப்பனார் கட்டுப்போட்ட கையோடு என்னை நோக்கி, "அவன் வண்டியைப் பழுதுபார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். தனியாகப் போக வேண்டாம்" என்றார். அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

பட்டறையில் கற்ற பாடம்

செப்டம்பரில் நாங்கள் வேறொரு பட்டறைக்குச் சென்றோம். அதன் உரிமையாளர் வயதான ஒரு சர்தார்ஜி. அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. வண்டியின் மூலையில் கையை வைத்து அழுத்திவிட்டு விட்டார். அது மூன்று நான்கு முறை ஆடி நின்றது. "நல்ல வண்டி ஒருமுறை எழும்பி அடங்கிவிடும்" என்றார்.

பின்பு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது, பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்கிறது. அதில் சுற்றுகளை வெட்டினால் உயரம் குறைவதோடு, எஞ்சிய சுருள் முன்னிலும் விறைப்பாகிவிடுகிறது. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியாகத் தள்ளப்பட்டு, துள்ளலின் வேகத்தை வெப்பமாக மாற்றி அவித்துவிடுகிறது. வெட்டிய ஸ்பிரிங்கின் விறைப்பை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பரால் முடியாது. அது அசைய இடமும் மிஞ்சாது. பள்ளத்தில் இறங்கியவுடன் அது அடியில் போய் முட்டுகிறது. அந்நேரம் முழு அடியும் டயரின்மேல் விழுகிறது.

"ஒவ்வொரு டயரும் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. நான்கு உள்ளங்கை. வண்டியைப் பிடித்திருப்பது அவ்வளவுதான்" என்றார் அவர். விறைப்பான ஸ்பிரிங் மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் துள்ளவிடுகிறது. சக்கரம் சாலையைத் தொடாத அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மேலும், வண்டியைத் தாழ்த்தியபின் வீல் அலைன்மென்ட் சரிபார்க்காததால் டயர்களின் உட்புறம் மட்டும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. பின்சக்கரங்களைப் பல கைகளால் பிடித்திருப்பது சேடியாவின் அமைப்பு. அந்தக் கைகளின் மூட்டுகளிலிருந்த ரப்பர் புஷ்களும் வெடித்திருந்தன.

அப்போது நம் வாலிபன் தானாகவே ஒன்றைச் சொன்னான். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்துக்கு இருபது கார்கள் வந்தன. அவற்றில் பதினான்கின் டயர்கள் அந்தப் பாதையின் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்து, தொடங்கும் முன்னரே அவை விலகிக்கொண்டன. ஓடிய ஆறு கார்களில் நரேன் கார்த்திகேயனின் டொயோட்டா எஞ்சின் பூட்டிய ஜோர்டான் நான்காவதாக வந்தது. "உலகத்திலேயே பெரிய எஞ்சின்கள், பாஸ்டர். டயர் பிடிக்காவிட்டால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். இது தெரிந்திருந்தும் நான் செய்யவில்லை" என்றான்.

பழுது மூன்று வாரம் நடந்தது. செலவுக்காக அவன் அந்தச் சைலன்சரையும் அலங்காரச் சக்கரங்களையும் விற்றுவிட்டான். ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கப்பட்டன. உயரம் பழைய அளவைவிட ஒரு விரல் மட்டுமே குறைவு. புஷ்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் மூட்டுகள் புதிதாயின. அதன்பின் நல்ல டயர்கள். இறுதியில் நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட்.

புதிய ஷாக் அப்சார்பரின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகி இருந்தது. வாலிபன் அதை முழுவதும் கடினமாகத் திருகினான். சர்தார்ஜி சிரித்துக்கொண்டே பாதி பின்னோக்கித் திருகிவிட்டு, "மகனே, இது டெல்லிச் சாலை, பந்தயப் பாதை அல்ல. விறைப்பாக இருப்பதைப் பிடிமானம் என்று நினைக்காதே. சாலையை விடாமல் தொட்டுக்கொண்டிருப்பதுதான் பிடிமானம்" என்றார்.

அன்பு வாசகரே, அந்த வார்த்தை அவனுக்குச் சொல்லப்பட்டது. விழுந்ததோ என் மேல். யெகூ என்று நான் அவனைக் கேலி செய்த அந்த ஞாயிறு என் கண்முன் நின்றது. நான் விறைப்பாக இருந்தேன். அதையே பரிசுத்தம் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மேடு வந்தது; நான் துள்ளினேன்; ஓர் ஆத்துமாவோடு இருந்த தொடர்பை இழந்தேன். தொடாத சக்கரத்துக்கு எப்படிப் பிரேக் பிடிக்கும்? வீட்டுக்கே செல்லாத போதகரின் கண்டிப்பு எப்படி ஒருவனைத் திருப்பும்?

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆவியின் கனிகளை வரிசைப்படுத்துகையில் நீடிய பொறுமையைச் சொல்லுகிறார். மூல கிரேக்கத்தில் அது மக்ரோதூமியா. கோபம் எழும்ப நெடுநேரமாகும் தன்மை என்பது அதன் கருத்து. கல்லூரித் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் அடியை உள்ளே வாங்கி, அதைத் தனக்குள்ளே அவித்து, அமர்ந்திருப்பவரைக் காப்பது எப்படி என்பதை ஒரு பட்டறையில்தான் கண்டேன். நம் பெந்தெகொஸ்தே சபைகளில் வல்லமைக்காக இரவெல்லாம் ஜெபிக்கிறோம், ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் யாத்திராகமம் பதினான்காம் அதிகாரத்தில் பார்வோனின் அறுநூறு பிரதான இரதங்களுக்குக் குதிரைகள் குறையவில்லை. சக்கரங்கள்தான் நிலைக்கவில்லை என்பதை மறவாதிருப்போம்.

பெற்றோருக்கும் வாலிபருக்கும்

அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிறு, எந்தப் பீடத்திலிருந்து அவனை நகைத்தேனோ அதே பீடத்திலிருந்து மன்னிப்புக் கேட்டேன். அன்றும் அவன் வரவில்லை. தகப்பனார் மட்டும் எழுந்து வந்து என் கையைத் தம் இடது கையால் பற்றிக்கொண்டார். டிசம்பர் 31ஆம் தேதி கண்விழிப்பு ஆராதனையில் கடைசி வரிசையில் அவனைக் கண்டேன். நான் பெயர் சொல்லி அழைக்கவில்லை, புன்னகைத்தேன். அவனும் புன்னகைத்தான்.

அதற்கு முன்பே, மணிக்கட்டு குணமானவுடன், தகப்பனார் ஒருநாள் கையில் தேநீரோடு அந்த வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து சாந்தி பத்தைச் சுற்றி வந்தாராம். "சிந்திற்றா?" என்று கேட்டேன். "ஒரு வேகத்தடையில் கொஞ்சம் சிந்திற்று. பரவாயில்லை, பாஸ்டர்" என்றார்.

நகரத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்த பெற்றோரே, ஊரில் உறவினரும் ஊராரும் பங்கிட்டுச் சுமந்த பாரத்தை இங்கே நாம் தனியே சுமக்கிறோம். ஆகவே விறைத்துப்போகிறோம். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி எபேசியர் ஆறாம் அதிகாரம் தகப்பன்மாரை எச்சரிப்பதை மீண்டும் வாசியுங்கள். கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் இல்லாத வண்டியும் ஓடாது. தொடர்பை இழக்காமல் கண்டியுங்கள்.

வாலிபரே, வண்டியை நேசிப்பது பாவமல்ல. ஆனால் ஸ்பிரிங்கை வெட்டாதிருங்கள். முதலில் டயரையும் அலைன்மென்ட்டையும் பாருங்கள். உற்பத்தியாளர் அளித்து, பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

2022இல் அந்த வண்டிக்குப் பதினைந்து வயது நிறைவடைந்தது. டெல்லியின் விதிப்படி அதை அங்கே ஓட்ட இயலாததால், தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டான். இன்று அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தின் பொறுப்பாளன். கடிந்துகொள்ள வேண்டிய வாலிபன் ஒருவன் இருந்தால், என்னிடம் அழைத்து வருமுன் அவனுடைய வீட்டுக்கு இவன் போய்வருகிறான். அதை நான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

நம்முடைய விறைப்பை நீக்கி, நீடிய பொறுமையால் கர்த்தர் நம்மை நிரப்புவாராக. ஆமென்.