எர்த்துன்னா இளக்காரமா?

பைக் வாங்கின முதல் மாசம் பெட்ரோல் செலவு, ரெண்டாவது மாசம் ஆக்சஸரீஸ் செலவு. இது உலக நியதி பாஸ்! சென்னைன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. உங்க ஊர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஏதோ ஒரு சந்து. ஃபாக் லைட், செல்போன் சார்ஜர், பிரேக் பிடிச்சா படபடன்னு வெட்டுற எல்.இ.டி. பட்டை... ‘இருபது நிமிஷத்துல மாட்டிடலாம் தம்பி’ம்பார் கடைக்காரர். நிஜமாவே இருபது நிமிஷத்துல மாட்டிடுவார். வம்பே அங்கேதான் ஆரம்பிக்குது.

என் ரூம்மேட்டோட பைக் 2014 மாடல், 150 சிசி, செகண்ட் ஹேண்ட். சாயங்காலம் செங்கல்பட்டு பக்கம் ஒரு கேட்டரிங் காரங்ககிட்ட பார்ட் டைம் வேலை பார்க்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சு தாம்பரம் வரணும். பின்னாடி லாரி, ஆம்னி பஸ்னு வரிசை கட்டி வரும். அவங்களுக்கு நம்மளை நல்லாத் தெரியட்டும்னுதான் அந்த எல்.இ.டி. பட்டையை வாங்கி மாட்டினான். நல்ல எண்ணம்தான். ஒரு மழைக்காலம் போச்சு. பட்டை செத்துப்போச்சு. கூடவே பைக்குக்குப் பேயும் பிடிச்சிடுச்சு.

பேய்னா சும்மா இல்லீங்க. பகல்ல இடது இண்டிகேட்டரைப் போட்டா வலது பக்கமும் லேசா மினுக்குது. மீட்டர் போர்டு லைட்டும் கூடவே தாளம் போடுது. ஒரு மெக்கானிக் ‘ஃபிளாஷர் போச்சு’ன்னார். மாத்தினான். இன்னொருத்தர் ‘பேட்டரி வீக்’னார். அதையும் மாத்தினான். மூணாவது ஆள், ‘ஒயரிங் கிட்டையே மொத்தமா மாத்தணும்’னு ஒரு தொகை சொன்னார். அன்னிக்கு ராத்திரி கட்டில்ல உட்கார்ந்து, “மச்சான், பேசாம வித்துடட்டுமா?”ன்னு கேட்டான். வண்டி போனா வேலை போகும். வேலை போனா அடுத்த செமஸ்டர் ஃபீஸ் போகும். அவ்வளவு சின்னக் கணக்கு.

நான் டிரிபிள் ஈ படிக்கிறதால ஹாஸ்டல்ல அயர்ன் பாக்ஸ்லேர்ந்து எல்லாம் என்கிட்டதான் வரும். எங்க சிலபஸ்ல டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, டெய்ல் லேம்ப் கிடையாது. எனக்கு வண்டி கரண்ட் சொல்லிக் கொடுத்தது ஹாஸ்டல் முனையில கடை வெச்சிருக்கிற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன். ரெண்டு வருஷமா டீ வாங்கிக் கொடுத்தே டியூஷன் முடிச்சிருக்கேன்.

அவர்கிட்ட கத்துக்கிட்ட முதல் வேலை: எதையும் கழட்டாதே, முதல்ல பாரு. வண்டியோட முதுகை காம்பவுண்ட் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினோம். இருட்டு. லைட்டைப் போட்டதும் சுவத்துல சிவப்பு வெளிச்சம். “பிரேக்கைப் பிடி”ன்னேன். அந்தச் சிவப்பு ஏறணும் இல்லையா? இறங்கிச்சு! விட்டா ஏறுது, பிடிச்சா மங்குது. இத்தனை நாளா இவன் லாரிக்கு முன்னாடி பிரேக் அடிச்சப்போ எல்லாம் பின்னாடி லைட் குறைஞ்சிருக்கு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்ப கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

என்னைக் கேட்டா ‘எர்த்’னு பேர் வெச்சதுதான் பாதித் தப்பு. வீட்டு எர்த் ஒரு காவலுக்கு. ஒழுங்கான நாள்ல அதுல கரண்ட்டே போகாது. அதனால அது இல்லேன்னாலும் ஃபேன் சுத்தும், மிக்ஸி அரைக்கும். அந்த நினைப்பிலேயே நாம பைக்குக்கும் வர்றோம். பைக் எர்த்துக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, வண்டி நிக்கிறதே ரப்பர் டயர்ல. பேட்டரி ப்ளஸ்லேர்ந்து கிளம்பின கரண்ட் மொத்தமும் மைனஸுக்குத் திரும்பி வர்ற பாதைதான் அது. ஃபிரேமும் எர்த் ஒயரும் சேர்ந்துதான் அந்தப் பாதை. போற ரோடு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு இதுவும்.

அந்த ரோட்டை அடைச்சா கரண்ட் என்ன பண்ணும்? நம்ம ஆட்டோக்காரர் மாதிரிதான், சந்து பொந்து தேடும். பின்னாடி டெய்ல் லேம்ப், பிரேக் லைட், ரெண்டு இண்டிகேட்டர் நாலுக்கும் எர்த் ஒண்ணாச் சேர்ந்து போகுது. அது பழுதானா, இடது பல்பு வழியா வந்த கரண்ட் வலது பல்புக்குள்ள தலைகீழா நுழைஞ்சு, முன்பக்க இண்டிகேட்டர் வழியா வெளியேறும். டெய்ல் லேம்ப் வழியா ஏறி மீட்டர் லைட்டையும் எட்டிப் பார்க்கும். பேய் ரகசியம் இதுதான். பிரேக் பிடிச்சா 21 வாட் இழை ஒண்ணு கூடுதலா அந்த நசுங்கின பாதையில நுழையுது. நெரிசல் ஜாஸ்தியாகி, ரெண்டு இழைக்குமே வோல்ட்டேஜ் போதலை. அதான் மங்குது.

சரி, எங்கே அடைப்பு? இங்கேதான் நம்ம பசங்க மல்டிமீட்டரை எடுத்து பீப் வைக்கிற இடத்துல திருப்பி, ரெண்டு பக்கமும் தொட்டு, ‘கனெக்‌ஷன் ஓகே’ம்பாங்க. ஒயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் மீட்டர் பீப்னு கத்தும். பசியோட இருக்கிறவன் வந்தாத்தானே மெஸ் லட்சணம் தெரியும்? லோடு ஓடும்போது பார்க்கணும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டுல வைங்க. கறுப்பு முனை பேட்டரி மைனஸ்ல. சிவப்பு முனை டெய்ல் லேம்ப்போட எர்த் ஒயர்ல. இப்ப பிரேக்கைப் பிடிங்க. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா பாதை சுத்தம். எங்களுக்கு 7 வோல்ட் காட்டுச்சு! பேட்டரி கொடுக்கிற 12 சொச்சத்துல பாதிக்கு மேல திரும்பி வர்ற வழியிலேயே காலி.

அப்புறம் சுலபம். சிவப்பு முனையை பேட்டரி பக்கமா ஒவ்வொரு இணைப்பா நகர்த்திக்கிட்டே வரணும். எந்த இணைப்பைத் தாண்டினதும் 7 பொசுக்குனு விழுதோ, அதான் குற்றவாளி. சீட்டுக்கு அடியில, பட்டையை மாட்டினப்போ எர்த் ஒயரை வெட்டி, கையால முறுக்கி, டேப் சுத்தியிருந்தாங்க. வெயில்ல டேப்போட பசை உருகிப் போச்சு. மழைத்தண்ணி உள்ளே போய் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. இழுத்தேன், கையோட வந்துடுச்சு.

வெட்டி, களிம்பு இல்லாத செம்பு வர்ற வரைக்கும் சீவி, சால்டர் வெச்சு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டோம். மறுபடி மீட்டர்: 0.08. ஸ்லீவும் ஈயமும் அண்ணன் கடையில ஓசி. பழைய ஃபிளாஷரும் பழைய பேட்டரியும் நல்லாத்தான் இருந்திருக்குன்னு தெரிஞ்சப்போ அவன் முகத்தைப் பார்க்கணுமே!

எல்லாப் பழியையும் எர்த் மேல போட்டுடவும் கூடாது. எல்.இ.டி. இண்டிகேட்டர் மாத்தின உடனே தடதடன்னு அடிச்சா, பழைய ஃபிளாஷர் ‘பல்பு ஃபியூஸ்’னு நினைச்சு அவசரப்படுதுன்னு அர்த்தம். 55 வாட் ஃபாக் லைட் ரெண்டு போட்டா 9 ஆம்பியர் தாண்டும். அதை ஹேண்டில்பார் ஸ்விட்ச் தாங்காது, ரிலே வேணும். பேட்டரி ப்ளஸ்லேர்ந்து எடுக்கிற ஒயர்ல, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வேணும். 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டின்னா டெஸ்டர் பல்பை வெச்சுக் கண்ட ஒயரைக் குத்தாதீங்க. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கு.

இன்னொரு கண்ணிவெடி, கலர். கறுப்பு ஒயர்னாலே எர்த்னு நினைக்காதீங்க. யமஹாவுல அப்படித்தான். ஹோண்டாவுல எர்த் பச்சை. அங்கே கறுப்பு, சாவியைப் போட்டதும் கரண்ட் வர்ற ஒயர். தெரியாம ஃபிரேம்ல வெச்சு முறுக்கினா ஃபியூஸ் டப். புது எர்த் கொடுக்கணும்னா பெயின்ட் மேல போல்ட்டை முறுக்காதீங்க, பெயின்ட் கரண்ட்டை விடாது. சுரண்டி இரும்பு தெரியணும், இல்லேன்னா நேரா பேட்டரி மைனஸுக்கே கொண்டு போயிடுங்க.

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்ல நின்னு பிரேக்கைப் பிடிச்சுக் காட்டினான். பட்டப்பகல்லயே பளிச்னு இருந்துச்சு. “அந்த எல்.இ.டி. பட்டை புதுசு ஒண்ணு போட்டுக்கட்டுமா மச்சான்?”ன்னான். நான் ஒயர் கட்டரை எடுத்து பேக்குக்குள்ள வெச்சுக்கிட்டேன்.