வேகாத பயறு

நன்மை செய்கிறோம் என்ற நினைவே சில வேளைகளில் நம் கண்ணை மறைத்துவிடுகிறது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

சூலக்கரையில் ஓர் எளிய இல்லம். தாயும் தந்தையும் விடியுமுன் பட்டாசு வேலைக்குப் புறப்பட்டுவிடுவர். மூன்று வயதுக் குழந்தை பாட்டியின் பொறுப்பில் இருந்தது. பிள்ளை மெலிந்திருக்கக் கண்டு மனம் பொறாமல், சோயா மொச்சை ஒரு படி வாங்கிச் சென்றேன். "இதைப் பச்சையாகவே திரித்துப் பாலில் கலந்து கொடுங்கள், வேகவைத்தால் சத்துப் போய்விடும்" என்றேன், எல்லாம் அறிந்தவன் போல.

ஒரு வாரம் கழித்துச் சென்றபோது, குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. பாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பயறு வேகாம வயித்துக்குள்ள போகலாமா சாமி?" என்று மட்டும் கேட்டார். தலைகுனிந்தேன்.

காரணம் அறிய நூல்களைப் புரட்டினேன். நாம் உண்ணும் புரதத்தைச் செரிக்கச் செய்பவற்றுள் ஒன்று, கணைய நீரிலிருந்து வரும் டிரிப்சின் என்னும் நொதி. அந்நொதியைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்யும் பொருளொன்று பயறுகளில் இயல்பாகவே அமைந்துள்ளது. விதையைத் தின்ன வரும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுத்து, விதையைக் காக்கும் காவல் அது. சோயாவில் அது மிகுதி; மொச்சை, கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றிலும் உண்டு. 1917-ஆம் ஆண்டிலேயே ஆஸ்பார்ன், மெண்டல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பச்சைச் சோயா தின்ற எலிகள் சரிவர வளராமையையும், வேகவைத்ததைத் தின்றவை நன்கு வளர்ந்தமையையும் கண்டறிந்தனர். 1945-இல் மோசஸ் குனிட்ஸ் அத்தடைப்பொருளைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்.

இதற்குப் பரிகாரம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. அத்தடைப்பொருளும் ஒரு புரதமே. ஈரத்தோடு கூடிய வெப்பத்தில் அதன் உருக்குலைந்து, வலிமை பெரும்பாலும் அழிந்துவிடும். வெறுமனே வறுப்பது அவ்வளவு பயன் தராது. முளைகட்டினால் ஓரளவே குறையும். எனவே இரவில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் விரலால் நசுங்கும் பதம் வரை வேகவைக்க வேண்டும். வேலைக்கு ஓடும் அவசரத்திலும், எரிபொருள் செலவுக்கு அஞ்சியும் அரைவேக்காட்டில் இறக்கிவிடும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன்: நன்றாக ஊறிய பயறு விரைவில் வெந்துவிடும்.

வெந்தால் சத்துப் போகும் என்றேனே. வெந்தால்தான் அச்சத்துப் பிள்ளையின் உடலில் சேரும்!

எஞ்சிய சோயாவைப் பாட்டி தம் வழக்கப்படியே குழைய வேகவைத்தார். அடுத்த முறை சென்றபோது எனக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தது. தேறியிருந்த குழந்தை என் மடியில் ஏறி அமர்ந்து, அதில் பாதியைத் தின்று தீர்த்தது.