எங்க ஆனையூர்

2011-ல் மதுரை மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது, தனி நகராட்சியாக இருந்த ஆனையூரும் அதற்குள் போனது. ரயிலுக்குக் கூடல்நகர், சாமி கும்பிட அழகர்கோவில், கோர்ட்டுக்கு உலகனேரி, எல்லாம் எட்டுகிற தூரம்தான்.

ஆனாலும் வெளியூர்ச் சொந்தக்காரர்களை நான் முதலில் அழைத்துப்போவது கண்மாய்க் கரைக்கு. தண்ணீர் திறந்துவிடும் மடை எது, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எது என்று அங்கே பெரியவர்கள் கைநீட்டிக் காட்டுவார்கள். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். குழாய் வருமுன்னே இந்தச் சமவெளியைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. வரத்துக்கால்வாயில் குப்பையும் கட்டடமும் அடைத்தால், ஐப்பசி மழை தெருவில்தான் நிற்கும்.

ரோடு, சாக்கடை, தெருவிளக்கு கேட்டு மனு எழுதுகிறவர்களே, வரத்துக்கால்வாயைத் தூர்வாரச் சொல்லியும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.