அம்மாவுக்கு வைத்த தனிக் குவளை

"பரிணாமக் கொள்கை படிச்சிருக்கீங்க, அம்பேத்கர் படிச்சிருக்கீங்க, அப்புறம் எப்படி ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறீங்க?" கூட்டங்களுக்குப் போகிற இடத்திலெல்லாம் தோழர்கள் எங்களைக் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் மனதில் இருப்பது ஆதியாகமத்தோடு சண்டை போடும் அறிவியல். உலகம் ஆறு நாளில் உண்டானதா, கோடிக்கணக்கான ஆண்டுகளில் உண்டானதா என்கிற சண்டை. எங்கள் தெருவில் அப்படியொரு சண்டையை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நடந்த சண்டை மூன்று மாத்திரையையும் ஒரு சில்வர் லோட்டாவையும் பற்றியது. அதைச் சொன்னால்தான் எங்கள் பதில் விளங்கும்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். வேலூர்ப் பக்கம், பாலாற்றங்கரைக் காலனி. தாத்தா காலத்திலிருந்து கிறித்தவர்கள். அப்பா தோல் பதனிடும் வேலையிலேயே தேய்ந்து போய்ச் சேர்ந்தார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து எங்களைப் படிக்க வைத்தார். எங்களில் ஒருத்தி சமூகவியலில் முதுகலை முடித்துச் சமூகப் பணி செய்கிறாள். காசநோயாளிகளின் வீடுகளுக்குப் போய் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பதும் அவள் வேலையில் அடக்கம். இதை எழுதும் கை அவளுடையது. நடந்ததில் மூவருக்கும் பங்கு இருப்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

2019 ஜனவரி. அம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். எடை 38 கிலோவுக்கு வந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுத்தோம். மெஷின் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிட்டது: காசநோய், ஆனால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகை. 35 முதல் 49 கிலோ வரை இருப்பவர்களுக்குத் தினம் மூன்று மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்தது, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. ஊட்டச்சத்துக்கு என்று அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது.

மாத்திரை ஆரம்பித்த மறுநாள் அம்மா கழிவறையிலிருந்து அலறிக்கொண்டு வந்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிருக்கிறது. ரத்தம் என்று நினைத்துவிட்டார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஊரில் எல்லா நோயாளிக்கும் முதல் நாளே இதைச் சொல்பவள் சொந்த அம்மாவுக்குச் சொல்ல மறந்திருந்தாள்.

இன்னொன்றும் செய்தோம். அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி லோட்டா வைத்தோம். தம்பியின் மகனுக்கு அப்போது நான்கு வயது. அவனுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஒருநாள் காலையில் லோட்டாவின் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தது. யார் கீறியது என்று இன்றுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி முடிவதற்குள் காய்ச்சல் நின்றது, இருமல் குறைந்தது. நாங்கள் ஆறுதலடைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரில் சாயங்காலம் நடக்கும் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அம்மா போகத் தொடங்கினார். எங்கள் சபையின் போதகர் அம்மாவைப் பார்க்க ஒரே ஒரு முறை வந்தார், வாசலில் நின்றே ஜெபித்துவிட்டுப் போனார். (எங்கள் பக்கம் போதகரை 'ஐயரு' என்றுதான் சொல்வோம். அந்தச் சொல் எங்களிடம் வந்த கதைக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.) கூட்டத்தில் இருந்த பாஸ்டரோ அம்மாவின் தலையில் கை வைத்து, கண்ணீரோடு அரை மணி நேரம் ஜெபித்தாராம். மாத்திரையை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. விசுவாசம் இருக்கிறவர்களுக்கு மருந்து எதற்கு என்று பொதுவாகப் பிரசங்கம் செய்தார். அம்மா மிச்சத்தைத் தானே முடித்துக்கொண்டார். லெந்து நாட்கள் ஆரம்பித்திருந்தன. மாத்திரை நின்றது, மத்தியானச் சோறும் உபவாசத்தில் நின்றது. அரசாங்கம் போட்ட 500 ரூபாய் காணிக்கைக் கவருக்குள் போனது.

மார்ச் 24 உலகக் காசநோய் தினம். 1882-இல் ராபர்ட் கோக் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாள். அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களில் ஒருத்தி மைக் பிடித்துப் பேசினாள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும், அப்போதுதான் ஆபத்து, தூங்கும் கிருமிகள் மிச்சமிருக்கும், பாதியில் நிறுத்தினால் மருந்துக்கே அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம் என்று விளக்கினாள். கைதட்டினார்கள். அவள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வீட்டில் அரிசி டிரம்முக்குள் இரண்டு வாரத்து மாத்திரை பிரிக்காமல் கிடந்தது.

அதைக் கண்டுபிடித்தது ஏப்ரல் 14. அந்த ஆண்டு அண்ணலின் பிறந்தநாளும் குருத்தோலை ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. காலையில் ஓலை பிடித்துக்கொண்டு ஆலயத்தைச் சுற்றி வந்து, அங்கிருந்து நேராகச் சிலைக்கு மாலை போடப் போய்விட்டு, மதியம் பிரியாணிக்கு அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தோம். ஐந்து வாரத்து அட்டைகள்.

நாங்கள் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூடநம்பிக்கை, படிக்காத ஜனம், பாஸ்டர் மேல் கேஸ் போடுவோம், பேரப்பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னோம். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் அந்த லோட்டாவை எடுத்து வந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"நீங்க எனக்கு இத வெச்சீங்க. அவரு என் தலையில கை வெச்சாரு. நான் யாருகிட்ட போவேன்?"

தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் நாங்கள். கடைக்காரர் "சுத்தத்துக்காகத்தான் தம்பி" என்று சொன்னபோது, சுத்தம் என்ற சொல்லுக்குள் சாதி எப்படி ஒளிந்திருக்கிறது என்று வகுப்பெடுத்தவர்கள். எங்கள் வீட்டுக்குள் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு அதே குவளையை நாங்களே வைத்திருக்கிறோம். எந்த அறிவியலின் பேரில் வைத்தோம்? காசநோய் தட்டிலும் லோட்டாவிலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், மாத்திரையை விடாமல் சாப்பிடுவதும்தான் பிள்ளையைக் காப்பாற்றும். எங்கள் வேலைக்கான கையேட்டில் இது கொட்டை எழுத்தில் இருக்கிறது. தெரிந்த அறிவியலைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, எங்கள் பாட்டன் பாட்டிக்கு ஊர் செய்ததை அம்மாவுக்குச் செய்திருக்கிறோம். மூடநம்பிக்கை பாஸ்டரிடம் மட்டும் இருக்கவில்லை.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி எங்களில் ஒருத்தி பயிற்சி வகுப்புகளில் பலமுறை பேசியிருக்கிறாள். அதன் பொருள் அன்றைக்குத்தான் அவளுக்கே உறைத்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவரை காசநோய் என்றால் மலைக்காற்று, சானடோரியம், குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் தனிவாசம். மையத்தின் மருத்துவர்கள் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பகுதியை அவரவர் நெரிசலான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. மருந்து ஒழுங்காகப் போனால் நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்பதை உலகத்துக்குச் சொன்னவர்கள் மதராஸின் கூலிக்காரர்களும் அவர்கள் குடும்பங்களும்தான்.

இதே ஆய்வு வேறு விதமாகவும் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாடு மோசமாக இருந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்றதைப் பிடித்துக்கொண்டு, வெகுகாலம் சாப்பாட்டை யாரும் பேசவில்லை. ஜார்கண்டில் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு அதைத் திருத்தியது. நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு என்று உணவுப் பொருட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அந்தக் கவருக்குள் போன 500 ரூபாய் எங்கள் வீட்டுப் பிள்ளையின் முட்டை.

கிறித்தவத்துக்கும் குவளைக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை விட்டொழிக்க வேண்டும், வேறுபாடில்லாமல் ஒன்றாக அமர்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் பருகுவதை விட ஆண்டவரையே விட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவும் அந்த மூன்று மாதம் திருவிருந்து எடுக்கவில்லை. பாத்திரத்தில் தன் வாய் பட்டால் மற்றவர்களுக்கு நோய் வந்துவிடும் என்று பயந்து பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தப் பயத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் லோட்டா.

அன்று சாயங்காலம் கோபம் தணிந்த பிறகு, எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை, வேதாகமத்தை எடுத்தோம். அம்மாவிடம் கோக் பெயரைச் சொல்லி என்ன பயன்? யவீருவின் மகளை இயேசு எழுப்பிய இடத்தைப் படித்தோம். அற்புதம் நடந்த உடனே அவர் சொன்னது, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதான். சுகமளிக்கும் கூட்டங்களில் அந்தக் கடைசி வரி வருவதேயில்லை. குஷ்டம் நீங்கியவனிடம், போய் ஆசாரியனிடம் உன்னைக் காட்டு என்கிறார். குணமானதை அடுத்தவர் பார்த்து உறுதி செய்யட்டும் என்கிறார். "இதுவும் சளி டெஸ்டு மாதிரிதாம்மா" என்றான் தம்பி. அம்மா சிரிக்கவில்லை. "டெஸ்டு எடுக்கறேன். ஆனா அந்தக் கூட்டத்துக்கும் போவேன்" என்றார். சரி என்றோம்.

டெஸ்டில் கிருமி திரும்பவும் தெரிந்தது. நல்ல வேளை, மருந்துக்கு அடங்குகிற கிருமியாகவே இருந்தது. முதலிலிருந்து ஆறு மாதம். பேரப்பிள்ளைக்கு நோய் இல்லை, ஆனாலும் வராமல் தடுக்க ஆறு மாதம் ஐசோநியாசிட் கொடுக்க வேண்டியிருந்தது. தினமும் அந்த மாத்திரைக்கு அவன் அழுத அழுகைதான் எங்களுக்குக் கிடைத்த தண்டனை. அம்மா மாத்திரையை வேதாகமத்தின் மேல் வைத்து ஜெபித்துவிட்டு விழுங்குவார். அதைப் பார்த்து எங்களில் ஒருவருக்கு எரிச்சல் வரும், ஒருவருக்கு வராது. எல்லோரும் ஒரே குவளைகளில் குடித்தோம்.

1950-இல் பௌத்தத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அண்ணல் ஒரு மதத்துக்கு இருக்க வேண்டிய தகுதிகளைச் சொல்கிறார். அது அறிவியலோடு ஒத்துப்போக வேண்டும், சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் ஏற்க வேண்டும், வறுமையைப் புனிதமாக்கக் கூடாது. அவர் பௌத்தத்துக்காக எழுதிய அளவுகோலை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தோம். சபையிலும் வைத்துப் பார்க்கச் சொன்னோம். ஆராதனை முடிவில் காசநோய் பற்றி ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டதற்கு, கட்டட நிதி அறிவிப்புக்கே நேரமில்லை என்றார்கள். நான்கு மாதம் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு ஞாயிறு வாங்கினோம். அன்றைக்குக் கேட்டுவிட்டு இரண்டு பேர் சளி கொடுக்க வந்தார்கள். சபையை விட்டுவிட்டிருந்தால் அந்த இரண்டு பேர் எங்களிடம் வந்திருக்க மாட்டார்கள். ஏன் இன்னும் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்கும் தோழர்களுக்கு எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். தம்பி போவதை நிறுத்திவிட்டான் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அம்மாவுக்கு இப்போது நோய் இல்லை. நுரையீரலில் தழும்பு இருக்கிறது, மார்கழியில் மூச்சு வாங்கும். மாதச் செலவை எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எத்தனை வருடமாகவோ அதன் முதல் வரி தசமபாகம்தான். அதைக் குறைக்கச் சொல்லி நாங்கள் நடத்திய பேச்சுவார்த்தை எதுவும் வெற்றி பெறவில்லை. பின் தெருவில் ஒரு வீட்டில் போன மாதம் ஒரு பெண்ணுக்குக் காசநோய் கண்டுபிடித்திருக்கிறார்கள். நேற்று நோட்டைப் புரட்டியபோது தசமபாகம் என்று எழுதிய வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் 'முட்டை 30, அந்த வீட்டுக்கு' என்று எழுதி, அந்தத் தொகையைத் தசமபாகத்திலிருந்தே கழித்திருந்தார். ஐயருக்குத் தெரியுமா என்று கேட்டோம். "அவரு எதுக்குக் கேக்கப் போறாரு" என்று நோட்டை வாங்கி மூடி வைத்துவிட்டார்.