மலையும் அலையும்

கள்ளக்குறிச்சிக்குக் கடல் இல்லை. ஆயினும் எங்கள் இளமைக் காலத்தில் இவ்வூரார் எவரேனும் "கடல் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. தென்னார்க்காடு என்னும் பெரிய மாவட்டத்தின் மேற்கு மூலையில் கல்வராயன் மலை, கிழக்கெல்லையில் வங்கக் கடல், தலைநகரோ கடலூர். அலுவல் நிமித்தம் கடலூருக்குச் சென்ற எங்கள் தந்தையர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் நனைத்த பின்னரே ஊர் திரும்பப் பேருந்து ஏறுவர். 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் மரக்காணத்துக் கடற்கரை எங்கள் பங்கில் வந்தது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமாகத் தொடங்கப்பெற்றது. ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது. கடல் கைவிட்டுப் போயிற்று. தனி மாவட்டம் வேண்டுமென்று குரல் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

ஏனெனில் ஆறு மாவட்ட எல்லையை அறியாது. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தங்கி, கள்ளக்குறிச்சி வழியே கிழக்கு நோக்கிச் சென்று மணிமுத்தாற்றோடு கூடுகிறது. மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தழுவி வெள்ளாற்றில் சேர, வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி எங்கள் ஊர்ப் பக்கம் மணல்தான் ஓடும் என்பது வேறு செய்தி. விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று கடலுக்குச் செல்லும் சாலையும் ஏறத்தாழ ஆற்றின் துணையோடேயே செல்லும். குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று வகுப்பறையில் பாடம் கேட்ட நாங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் மருதத்திலிருந்து நெய்தலுக்குச் சென்று மீண்டுவிடுவோம். திணைமயக்கம் என்னும் சொல்லின் பொருள் மட்டும் வகுப்பறையில் எங்களுக்கு விளங்கவில்லை. அது விளங்கிய இடம் ஒரு வாலிபால் திடல்.

நாங்கள் என்பது நால்வர். நால்வரில் ஒருவருக்கும் ஆடத் தெரியாது. ஆயினும் எங்கள் ஊர் அணி வெளியூர் செல்லும் மெட்டடோர் வேனில் எங்களுக்கு இடம் உண்டு. தண்ணீர்க் குடம் தூக்குதல், கட்டுச்சோற்று மூட்டையைக் காத்தல், புள்ளிக் கணக்கு எழுதுதல், அணி தோற்றால் நடுவரைக் குறை கூறுதல் ஆகியவை எங்கள் பணிகள். கடைசிப் பணியை நாங்கள் மிகச் செம்மையாகச் செய்தோம்.

கடலோர ஊர்களில் வாலிபால் மீது இருந்த பற்றைச் சொல்லி முடியாது. 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் என்பவர் வகுத்த இவ்வாட்டத்திற்கு வேண்டுவன ஒரு பந்து, ஒரு வலை, இரண்டு கம்பங்கள், 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள இடம் ஆகியவையே. மீனவக் குப்பத்திலும் அது கிடைக்கும். பள்ளிவாசலின் பின்புறத்துத் தோப்பிலும் கிடைக்கும். ஆனால் அக்காலத்து ஆட்டமுறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி; மற்ற அணி வென்றால் சர்வீஸ் கை மாறுமேயன்றிப் புள்ளி ஏறாது. பதினைந்து புள்ளிகளை எட்டுவதற்குள் சில வேளை ஒரு மணி நேரம்கூடக் கழிந்துவிடும். அஸர் தொழுதுவிட்டுத் தொடங்கும் ஆட்டம் மஃரிபு பாங்கு கேட்டும் முடியாமல் நிற்கும். இரு அணியினரும் வலையை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். தொழாதவர்கள் மணலில் காத்திருப்பார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடும். பன்னாட்டுக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1998இல் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்னும் முறைக்கு மாற முடிவு செய்தது. தொலைக்காட்சியின் நேரக் கட்டுப்பாட்டுக்காகவே அம்மாற்றம் வந்தது என்பர். எங்கள் பக்கத்துப் பெரியவர்களோ, "இனி மஃரிபுக்கு முன் முடிந்துவிடும்" என்றே மகிழ்ந்தார்கள்.

அம்மாற்றம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பரங்கிப்பேட்டைக்கு அருகில் ஒரு கடலோரச் சிற்றூரில் நடந்த போட்டியைப் பற்றியே ஈண்டு சொல்ல வந்தோம்.

எங்கள் அணியில் அப்போது புதிதாக ஒரு மாணவர் சேர்ந்திருந்தார். கல்வராயன் மலையைச் சேர்ந்தவர். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவர். அரசு ஏடுகளில் மலையாளி என்று குறிக்கப்பெறும் பழங்குடியினர் அம்மலை மக்கள். பெயரைக் கண்டு கேரளத்தை நினைத்தல் வேண்டா. மலையை ஆள்வோர் என்பதே பொருள், மொழி தமிழ். காஞ்சியிலிருந்து முன்னோர் வந்த கதையை அவர்கள் சொல்வர். 1976 வரை அம்மலை மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைத்தவர்களின் பிள்ளைகளே எங்கள் காலத்தில் பள்ளிக்கு வந்தனர். அம்மாணவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் வலைக்கு மேல் அவர் எழும்பி அடிக்கும் பந்தை எடுப்பவர் எங்கள் வட்டாரத்தில் இல்லை.

அன்று வேனிலிருந்து இறங்கியதும் அவர் நேரே அலைக்கரைக்குச் சென்று நின்றார். கடலை அவர் பார்ப்பது அதுவே முதன்முறை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. "இதில் நம் ஆற்றுத் தண்ணீர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெற்கே முகத்துவாரத்தைச் சுட்டிக் காட்டினோம். வெகுநேரம் அப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஆட்டத்தை நாங்கள் வென்றோம். இரண்டாவதிலும் முந்தியிருந்தபோது எதிரணியில் ஒருவர் கையை உயர்த்தினார். அந்தந்த ஊர்க்காரரே ஆட வேண்டும், வெளியூர் ஆட்டக்காரரைச் சேர்த்தல் கூடாது என்பது போட்டியின் விதி. "இவர் கள்ளக்குறிச்சிக்காரர் அல்லர்" என்றார் அவர். ஆட்டம் நின்றது. போட்டிக்குத் தலைமை தாங்க வந்திருந்த பரங்கிப்பேட்டைப் பெரியவர் ஒருவர், ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு எங்கள் நால்வரிடம் வந்தார்.

"தம்பிமார்களே, நீங்கள் ஆடாதவர்கள், பொய் சொல்லத் தேவையில்லாதவர்கள். இவர் உங்கள் ஊர்தானா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சந்தை நாளில் கடுக்காயும் தேனும் சாமையும் சுமந்து இறங்கி வருபவர்கள், விலை பேசிக் குறைத்து வாங்கத் தக்கவர்கள், மாலைப் பேருந்தில் திரும்பிவிடுபவர்கள் என்பதற்கு மேல் மலை மக்களை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. "எங்கள் ஊர்" என்று சொல்ல நா எழவில்லை. எங்களுள் ஒருவர், "மலையிலிருந்து வருபவர்" என்றார். அது உண்மை, ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது விடையன்று.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திடலை விட்டு வெளியேறி, கடலைப் பார்த்து மணலில் அமர்ந்தார். அதற்குள் அஸர் பாங்கு ஒலித்தது. எல்லோரும் தொழச் சென்றோம். அன்று எங்கள் மனம் தொழுகையில் நின்றது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

தொழுது திரும்பிய பெரியவர் எங்களிடம் வரவில்லை. மணலில் அமர்ந்திருந்தவரிடம் நேரே சென்று தாமும் அமர்ந்தார்.

"எந்த ஊரில் சோறு சாப்பிடுகிறீர்கள், தம்பி?"

"கள்ளக்குறிச்சி விடுதியில். நாலு வருடமாக."

பெரியவர் எழுந்து திடலின் நடுவே வந்தார். "பயணத்தில் இருப்பவன் தொழுகையைச் சுருக்கித் தொழுகிறான். ஓர் ஊரில் தங்க நிய்யத்து வைத்துவிட்டால் அந்தச் சலுகை அவனுக்கு இல்லை. ஹனஃபியில் பதினைந்து நாள், ஷாஃபியில் நான்கு நாள். நாள் கணக்கில் இமாம்கள் வேறுபட்டாலும், தங்கியவன் பயணி அல்லன் என்பதில் வேறுபாடு இல்லை. நாலு வருடம் ஓர் ஊர்ச் சோற்றைத் தின்றவரை வெளியூர் என்று சொல்ல எனக்குச் சட்டம் தெரியவில்லை" என்றார். மறுத்த ஆட்டக்காரரே முதலில் சிரித்துவிட்டுப் பந்தை எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் அணி வென்றது என்று எழுத ஆசைதான். வெல்லவில்லை. மாலையில் கடற்காற்று வலுத்துவிட்டது. மலையில் பழகிய கைக்கு உப்புக் காற்றில் பந்து செல்லும் போக்கு பிடிபடவில்லை. அவர் அடித்த பந்துகள் கோட்டுக்கு வெளியே ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மூன்றாம் ஆட்டம் மஃரிபுக்குப் பின்னும் நீண்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் முடிந்தது. விடைபெறும்போது பெரியவர் அவரிடம் ஒரு வலையைச் சுருட்டிக் கொடுத்தார். கடையில் வாங்கியதன்று, மீன்வலை பின்னும் கைகள் அதே நைலான் நூலில் முடிந்த வாலிபால் வலை. "மலையில் கட்டுங்கள். காற்று இல்லாத இடத்தில் ஆடிப் பார்க்க நாங்களும் ஒருநாள் வருகிறோம்" என்றார்.

திரும்பும் வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நால்வருக்கும் தோன்றியது. நால்வரும் கேட்கவில்லை. சேத்தியாத்தோப்பில் தேநீர் குடிக்க இறங்கியபோது அவரே, "நீங்கள் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லையே?" என்றார்.

வந்ததே இல்லை. நூறு கிலோமீட்டர் கடந்து கடலுக்குப் பலமுறை சென்றவர்கள் நாங்கள். ஊர் மாடிகளில் நின்றால் மேற்கே நீலக் கோடாகத் தெரியும் மலை அதில் பாதித் தொலைவுகூட இல்லை, ஒருமுறையும் ஏறியதில்லை.

அடுத்த மாதம் ஏறினோம். கரும்பு வயல்களைக் கடந்து, கோமுகி அணையின் ஓரமாகச் சென்று, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வெள்ளிமலைப் பக்கம் போனோம். இன்று கரியாலூரில் படகுத் துறையும் பூங்காவும் உண்டு. கோடை விழாவுக்கும் பெரியார் அருவிக்கும் மேகம் அருவிக்கும் விடுமுறை நாள்களில் வண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. அன்று வரிசையுமில்லை, வண்டியுமில்லை. மலையில் வாலிபால் ஏன் வேரூன்றியது என்பது அங்கே புரிந்தது. கிரிக்கெட்டுக்கோ கால்பந்துக்கோ வேண்டிய சமநிலம் சரிவில் ஏது? ஊரார் மண்ணை வெட்டிச் சமன் செய்த சிறு திடல் ஒன்றில் கடற்கரை வலை கட்டப்பட்டிருந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்து மரவள்ளிக் காட்டுக்குள் உருண்டு இறங்கும். சிறுவர்கள் பாய்ந்து எடுத்து வருவர். ஓர் ஆட்டத்தின் பாதி நேரம் பந்தைத் தேடுவதிலேயே கழிந்தது. அவருடைய தாயார் சாமைச் சோறும் கீரையும் பரிமாறினார். புள்ளிக் கணக்கு எழுதும் சுவடியை அன்று நாங்கள் திறக்கவேயில்லை.

பெரியவர் சொன்னபடி மலைக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று இருமுறை கடிதம் எழுதினார்.

பின்பு 2004 டிசம்பர் 26 வந்தது. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் கடல் ஏறியது. தேவனாம்பட்டினம், கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு என்று நாங்கள் ஞாயிறுதோறும் பேருந்துப் பலகைகளில் படித்த பெயர்களையும் மீனவ நண்பர்கள் வாயால் கேட்ட பெயர்களையும் வானொலியில் இறந்தோர் எண்ணிக்கையோடு கேட்டோம். மறுநாள் ஊரில் அரிசியும் போர்வையும் திரட்டி லாரியில் ஏற்றினோம். மலையிலிருந்து நம் நண்பர் இறங்கி வந்திருந்தார். அப்போது அவர் ஆசிரியர். மலைப் பள்ளி ஒன்றில் பணி. மூட்டைகளின் மேல் எங்களோடு அமர்ந்து வந்தார். முன்பு வாலிபால் பார்க்கச் சென்ற அதே சாலை. ஒருவரும் பேசவில்லை.

பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் பெரிய தேக்சாக்களில் சோறு ஆக்கி, வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு வேளைதோறும் அளித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பருகே ஒரு நாற்காலியில் அப்பெரியவர் அமர்ந்திருந்தார். முழங்கால் வலி உண்மைதான். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மலை நண்பரைத் தெரிந்தது. ஆட்டம் நடந்த திடலைப் பற்றிக் கேட்டோம். கம்பங்கள் போய்விட்டன என்றார். மறுத்துக் கை உயர்த்தியவரின் வீட்டில் இருவர் போய்விட்டனர் என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சற்று நேரம் கழித்து அவர் நண்பரின் கையைப் பற்றி, "இப்போது எந்த ஊரில் சாப்பாடு, தம்பி?" என்றார்.

"இன்றைக்கு இங்கேதான்" என்று சொல்லிவிட்டு நண்பர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அகப்பையை எடுத்தார். நாங்கள் நால்வரும் இலை போட்டோம். பந்திகள் முடிந்து, கடைசியில் நாங்கள் அமர்ந்தபோது சோறு மட்டும் மிஞ்சியிருந்தது, குழம்பு தீர்ந்துவிட்டது. வெறும் சோற்றையே உப்புப் போட்டு உண்டோம். லாரி ஊர் திரும்பியபோது இஷா நேரமும் கடந்திருந்தது.