பிரஸ்ஸை நிறுத்துவதும் ஒரு வேலை

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப். 200 டன் பிரஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் தரை அதிர்கிறது. பேச வேண்டுமானால் காதருகே கத்த வேண்டும். நான் பார்க்கப் போனது அங்குள்ள சென்சார் டெக்னீஷியனை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். கையில் மல்டிமீட்டர், பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர்.

காயிலிலிருந்து (சுருளிலிருந்து) வரும் தகடு டை எனும் அச்சுக்குள் படிப்படியாக நகர்ந்து துளைபட்டு, வளைந்து, வெட்டுப்பட்டு வெளியே விழுகிறது. விழாமல் உள்ளேயே தங்கிய பாகத்தின் மேல் பிரஸ் மறுபடி இறங்கினால், லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த டை உடையும். அதனால் டையின் வாசலில் விரல் பருமனுள்ள ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார் காவல் இருக்கிறது. 24 வோல்ட்டில் இயங்கும் அது, உலோகம் அருகில் வந்தால் சிக்னல் தரும். பிரஸ்ஸின் சுழற்சியில் குறித்த பாகைக்குள் சிக்னல் வராவிட்டால் பிரஸ் அடுத்த அடிக்கு இறங்காது. சாதாரண வகை சென்சார், இரும்பை உணரும் தூரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தில்தான் அலுமினியத்தை உணரும். தகடு மாறினால் பொருத்தும் இடைவெளியும் மாற வேண்டும்.

நான் இருந்தபோதே ஒரு பிரஸ் நின்றது. "சென்சார் போச்சு" என்றார் ஆபரேட்டர். இவர் சென்சாரைத் தொடவில்லை. கேபிளை மெல்ல வளைத்துப் பார்த்தார். சென்சாரின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எண்ணெயில் ஊறிய உறை, டையின் விளிம்பில் உரசிக் கிழிந்திருந்தது. "முக்காவாசி நேரம் சென்சார் நல்லாத்தான் இருக்கும் சார். கேபிள், பிராக்கெட், இல்லேன்னா ஒட்டிக்கிட்ட சில்லு" என்றார்.

டைக்குக் காவல் இருப்பதைவிடக் கைக்குக் காவல் இருப்பது பெரிது. பிரஸ்ஸின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாலான லைட் கர்ட்டன் நிற்கிறது, 14 மி.மீ. பருமனுள்ள பொருள் குறுக்கிட்டாலே கண்டுபிடித்துவிடும். ஆனால் அதை எங்கே பொருத்துவது? கை வினாடிக்கு 2000 மி.மீ. நகரும் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது ஐஎஸ்ஓ 13855 தரநிலை. கதிர் தடைபட்ட பின் பிரஸ் நிற்க 0.2 வினாடி ஆனால், திரைக்கும் டைக்கும் இடையே 400 மி.மீ. வேண்டும். பிரேக் தேய்ந்து அது 0.25 வினாடி ஆகிவிட்டால் 500 மி.மீ. வேண்டும். திரை பழுதில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கும்; காவல் மட்டும் போயிருக்கும். அதனால்தான் நிற்கும் நேரத்தை இவர் அவ்வப்போது அளந்து எழுதி வைக்கிறார்.

"ஒரு ஜம்பர் போட்டு ஓட்டு, ஷிஃப்ட் முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்ற பேச்சு எந்த பிரஸ் ஷாப்புக்கும் புதிதல்ல. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, தன் 21ஆம் பிரிவில் அன்றே சொல்லிவிட்டது. அந்தத் தடுப்பை ஒரு துண்டு வயரால் நீக்கிவிடலாம். மறுக்க வேண்டியவர் பெரும்பாலும் ஷிஃப்டில் இருக்கும் டெக்னீஷியன்.

இந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. அன்றாட உற்பத்தியைப் பலகையில் எழுதும் நிர்வாகங்கள், எந்த சென்சார் எவ்வளவு நேரம் பைபாஸில் இருந்தது, யார் அனுமதித்தார் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும்.